ஹெர்மிந்தாவும் மூன்றாவது அறையும்

ஹெர்மிந்தா ஒயார்சோ ஒரே நாளில் மூன்று முறை என் கடைக்கு வந்தால், மனதுக்குள் எதையோ போட்டு உழப்பிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெறுங்கையோடு வந்து புலம்ப அவளுக்குக் கூச்சம். அதனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்குவாள். அந்தக் கோடையில், பிப்ரவரி முடிவதற்குள், என்னிடம் வாங்கிய தீப்பெட்டி மட்டும் பதினொன்று.

எங்கள் சந்து, டிசம்பரில் கோடையும் மே மாதத்தில் குளிரும் தொடங்குகிற தென்கோடி ஊரான கொயைகேயின் மேட்டுப் பக்கம் இருக்கிறது. எல்லாம் அரசாங்கம் ஒரே அச்சில் கட்டிக்கொடுத்த வீடுகள். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், தகரக் கூரை, பின்னால் ஒரு துண்டு நிலம். வந்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் ஒவ்வொருவரும் பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்டிவிட்டோம். ஹெர்மிந்தாவின் வீடு மட்டும் சாவி கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கட்ட ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். அவளுக்கு எல்லாவற்றிலும் பயம்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள், வீட்டைப் பூட்டிவிட்டு முனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

அவள் கணவர் பெலார்மினோ நாவெல்கின் நேர்மாறானவர். முப்பது வருடம் கப்பிச் சாலையில் லாரி ஓட்டியவர். புழுதி முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு அறுபத்து மூன்று வயதில் வீட்டோடு இருந்தார். பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும்.

எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் விறகுதான். காய்ந்த விறகு விலை அதிகம், ஆகவே பாதி ஊர் ஈர விறகை எரிக்கும். சுற்றிலும் மலை; புகை போக வழியில்லாமல் பள்ளத்தாக்கின் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். முந்தைய குளிர்காலத்தில் பெலார்மினோ இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார். டிசம்பரில் நெஞ்சு டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார்: "அடுத்த குளிருக்கு நீங்க இந்த ஊர்ல இருக்கக் கூடாது. மே மாசம் புகை மூடுறதுக்குள்ள கிளம்பிடுங்க."

போக இடம் இருந்தது. வடக்கே, ஒவாயே பக்கத்தில், சொட்டாக்கி என்கிற ஊரில் மகள் யாஸ்னா திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தாள். வருடத்தில் நாலைந்து நாள் மழை பெய்தால் அதிகம். இங்கே இருக்கும் வீட்டை விற்றுவிட்டு அங்கே சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் எல்லாம் சுலபம்.

ஜனவரியில் தரகர் ரொக்சானா வந்தாள். ஊசிக் குதிகால் செருப்போடு கூடத்தில் ஆறு அடி நடந்தாள், வீடு முடிந்துவிட்டது.

"அம்மா, உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு ரூம் வீட்ட இப்போ யாரும் திரும்பிப் பாக்கிறதில்ல. பிள்ளகுட்டிக்காரங்க எல்லாம் மூணு கேக்கிறாங்க. பின்னாடி ஒரு ரூம் போடுங்க. போட்ட காசுக்கு ரெண்டு மடங்கா விலை ஏறும்."

"போடலைன்னா?"

"போகும். ஆனா அந்தப் பணத்துக்கு வடக்க வீடு கிடைக்காது. கொட்டகை வேணா கிடைக்கும்."

ரொக்சானா போன கால் மணி நேரத்தில் ஹெர்மிந்தா என் கடையில் நின்றாள். ஒரு தீப்பெட்டி கேட்டாள்.

"கட்டினா பணம் வரும், நெல்டா. ஆனா கட்டி முடிக்கறதுக்குள்ள குளிர் வந்துட்டா? கட்டாம வித்தா சீக்கிரம் போயிடலாம். போய் எங்க இருக்கறது?"

"மேஸ்திரிகிட்ட கேட்டியா? எத்தன நாள் ஆகும்னு?"

மறுநாளே மேஸ்திரி லிந்தோர் வந்தார். காதில் பென்சில், வாயில் ஆணி. என் வீட்டு அறையைக் கட்டியவரும் அவர்தான். பக்கத்து வீடுதானே, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆறு வாரம், அக்கா."

"ஆறுன்னா ஆறா?"

"மழை பெய்யலைன்னா ஆறு."

"பெஞ்சா?"

"எட்டு."

"காத்தடிச்சா?"

"அக்கா, இந்த ஊர்ல காத்தடிக்காத நாள் எதுன்னு சொல்லுங்க, அன்னிக்கு வந்து கட்டறேன்."

ஹெர்மிந்தா சிரிக்கவில்லை. நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அனுமதி இல்லாமல் கட்டிய அறையை வங்கி கணக்கில் எடுக்காது, அனுமதிக்கு மனு போட்டால் ஜூன் மாதம் வாக்கில் வரும் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் சொன்னாள். ரொக்சானாவோ, "மனுப் போட்ட ரசீது இருந்தா போதும், நான் பாத்துக்கறேன். முதல்ல அறைய எழுப்புங்க" என்றாள். இருவரில் யாரை நம்புவது என்று ஹெர்மிந்தா என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஈஸ்ட் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் விறகுத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, வரப்போகும் அறையை மண்ணில் போட்டுப் பார்த்தாள். கதவுக்கு இடைவெளி விட்டாள். ஜன்னலுக்கு ஒரு செங்கல். அந்தக் கதவு வழியாகவே உள்ளே போனாள், வந்தாள். கட்டிலை எங்கே போடுவது, பீரோவை எங்கே வைப்பது என்று அவளுக்கு வேண்டாத அறைக்குள் அவளே யோசித்துக்கொண்டிருந்தாள். பெலார்மினோ நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து நடுவில் போட்டு உட்கார்ந்து, மாத்தே என்கிற இலைத் தேநீரை உறிஞ்சியபடி மேலே பார்த்தார்.

"நல்ல அறைதான். கூரைதான் கொஞ்சம் உசரமாப் போயிடுச்சு."

"விளையாடாதே. கட்டலாமா வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லு."

"கட்டு, ஹெர்மி."

அந்த ஒரு வார்த்தையை அதற்கப்புறம் அவர் மாற்றவே இல்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று சொல்லிப் பழகிய மனிதர் இதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். காலையில் கேட்டாலும் கட்டு, மாலையில் கேட்டாலும் கட்டு. சுத்தியலைக் கண்டாலே தள்ளிப் போகிறவருக்கு இந்த அறை மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று ஹெர்மிந்தாவுக்குப் புரியவில்லை. ஆனால் வேறொருவர் உறுதியாகச் சொன்னதில் அவளுக்கு ஒரு நிம்மதி. மார்ச் முதல் வாரத்தில் சேமிப்பை எடுத்து மரம் வாங்கினார்கள். லிந்தோர் குழி தோண்டினார்.

மரம் அறுக்கிற வேலை பார்த்திருப்பீர்கள். தூள் ஒரு இடத்தில் நிற்காது. ஹெர்மிந்தா ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். பெலார்மினோ வீட்டுக்குள்ளேயே இருப்பதாகச் சொல்லுவார். அவள் தலை மறைந்ததும் என் கடைக்கு வருவார். மூட்டைகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமுவார். பத்து நிமிடம், கால் மணி. வெளியே வரும்போது உதடு நீலம் பாரித்திருக்கும்.

"அவகிட்ட சொல்லிடாதே, நெல்டா."

"அண்ணே, இது சரியில்ல."

"அறை முடியட்டும். அப்புறம் நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. அவள் தினமும் வந்து, "பகல்ல எப்படி இருந்தார்? இருமினாரா?" என்று கேட்பாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டே "இல்லையே" என்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஒன்பது நாளில் அறையின் மரச்சட்டம் நின்றது. நான்கு மூலைக் கால்கள், குறுக்குக் கட்டைகள், கூரைக் கழிகள், பாதிக் கூரைக்குத் தகரம். பத்தாம் நாள் மதியம் லிந்தோர் சாப்பிடப் போயிருந்தார். மேற்கே இருந்து காற்று கிளம்பியது. ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்திருந்த தகரம் ஒன்று மேலே போய் மேலே போய் அறைந்தது. சந்து முழுக்க அந்தச் சத்தம். அப்புறம் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் லிந்தோர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். நாலு அடி, ஐந்து அடி. பிறகு நின்றுவிட்டது.

பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூரை மேல் பெலார்மினோ உட்கார்ந்திருந்தார். ஒரு கை கழியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை நெஞ்சில். தோள்கள் ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று கத்தினேன். மூச்சு மருந்துக் குப்பி கீழே வேலியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. நான் ஏறலாம் என்று கால் வைத்தேன், என் கனத்துக்கு ஏணி முனகியது. ஆம்புலன்சுக்குச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஹெர்மிந்தா வந்துவிட்டாள். வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, கையெல்லாம் மாவு. இரண்டு தெரு ஓடிவந்திருக்கிறாள்.

பல்பு மாற்ற முக்காலியில் ஏறமாட்டாள் அவள். என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்கு யாரையும் கூப்பிடவில்லை. குப்பியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். காற்றில் அங்கி படபடத்தது. தகரத்தின் மேல் தவழ்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குப்பியை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. எனக்குக் கை மரத்துப்போயிற்று. கடைசியில் அவர் இருமினார். இருமல் சத்தம் அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை.

"எதுக்குய்யா மேல ஏறின?"

"தகரம்... பறந்துடும்போல இருந்துச்சு."

"பறந்தா பறக்கட்டுமே."

"அறை முடியணும், ஹெர்மி."

"முடியலைன்னா என்ன? உலகம் இடிஞ்சுடுமா?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். ஏணியடியில் நான் நிற்பதை அவர் மறந்தே போயிருக்க வேண்டும்.

"எனக்கு எத்தன நாளுன்னு தெரியாது. அங்க போய் வாடகை வீட்ல நான் போயிட்டேன்னா, நீ எங்க போவ? யாஸ்னா வீட்ல மூலையில ஒண்டுவியா? நல்ல விலைக்கு வித்தாத்தான் உன் பேர்ல ஒரு வீடு வாங்க முடியும். அத முடிச்சிட்டுப் போனா எனக்குப் போதும்."

ஹெர்மிந்தா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். அப்புறம் வெடித்தாள்.

"நான் ரெண்டு மாசமா தூங்காம சாகறேன், எதுக்கு? உன் மூச்சு நிக்காம இருக்கணும்னு. நீ என்னடான்னா, நீ செத்தப்புறம் நான் எங்க படுப்பேன்னு யோசிச்சிட்டு ஏணி ஏறுற! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? வீடு வேணுமா, ஆள் வேணுமான்னு கேட்டியா?"

"கேட்டா நீ நாப்பது நாள் யோசிப்ப."

"இதுக்கு யோசிக்க மாட்டேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த நேரம் லிந்தோர் கையில் பாதி ரொட்டியோடு வந்து நின்றார். கூரை மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"மேஸ்திரி, வேலைய நிறுத்திடுங்க" என்று மேலிருந்தே சொன்னாள்.

"பாதிக் கூரை ஆயிடுச்சே, அக்கா."

"பாதியோட நிக்கட்டும். இப்போ எங்கள இறக்குங்க. எனக்குக் கீழ பாக்கப் பயமா இருக்கு."

அதோடு அவள் மனம் ஒரே நிலையில் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த வாரத்தில் மூன்று தடவை மாற்றினாள். இவ்வளவு மரம் வாங்கியாயிற்றே, இன்னும் நாலே வாரம்தானே, அவரை மட்டும் முன்னால் வடக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். திங்கட்கிழமை லிந்தோரை வரச்சொன்னாள், செவ்வாய்க்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அப்போதுதான் நான் பின்னறை இருமலைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குறுகிப்போனேன். நான்கு நாள் என் கடைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து உப்பு வாங்கினாள்.

"ரொக்சானாகிட்ட சொல்லிட்டேன். இருக்கிறபடியே வித்துடச் சொல்லி."

மார்ச் கடைசியில் மாரிசெல் என்று ஒரு பெண் கணவனோடு வந்து பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை, இரட்டைப் பிள்ளைகள். வீட்டுக்குள் நின்றதைவிடப் பின்கட்டில்தான் அதிக நேரம் நின்றாள்.

"இடம் இருக்கே, அது போதும். நாங்க எங்க வசதிக்குக் கட்டிக்குவோம். இந்த மரச்சட்டம் மட்டும் இருக்கக் கூடாது. பேப்பர்ல இல்லாத கட்டடம் இருந்தா பேங்க்ல கடன் தர மாட்டாங்களாம்."

ஆக, லிந்தோர் மறுபடி வந்தார். ஒன்பது நாளில் எழுப்பியதை ஒன்றரை நாளில் பிரித்தார். ஆணி பிடுங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹெர்மிந்தாவின் தோள் குலுங்கியது. மரத்தை வேலியோரம் அடுக்கினார்கள். குழிகளை மூடினார்கள். கூலி வாங்க லிந்தோர் தயங்கினார். "வேலை செஞ்சீங்கல்ல, வாங்கிக்குங்க" என்று அவர் பையில் திணித்தாள்.

அதன் பிறகு வங்கிக்காகக் காத்திருந்த மூன்று வாரம்தான் மிக மோசம். ஏப்ரலில் மலையுச்சிகளில் பனி தெரிந்தது. விறகுக்காரர்களின் வண்டிகள் தெருத்தெருவாகத் திரிந்தன. ஒரு மாலை ஆறு மணிக்கு முதல் புகை இறங்கியது. ஹெர்மிந்தா கதவிடுக்குகளில் ஈரத்துண்டை அடைத்தாள். தன் வீட்டு அடுப்பை மூட்டவே இல்லை, இரண்டு பேரும் கம்பளி மேல் கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வங்கியிலிருந்து போன் வந்ததா, மாரிசெல் மனம் மாறிவிட்டாளா, வங்கியின் மதிப்பீட்டாளர் மூடிய குழியைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாரா என்று நாள் முழுக்க இதுவேதான். மதிப்பீட்டாளர் வந்தார். பின்கட்டில் நின்று ஒரு சிகரெட் பிடித்தார், பிடித்த பிறகு போய்விட்டார். அந்தச் சிகரெட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவள் என்னிடம் இரண்டு நாள் கேட்டாள்.

ஏப்ரல் இருபத்தெட்டில் கையெழுத்தாயிற்று. மே நான்காம் தேதி பால்மசேதாவிலிருந்து விமானம் ஏறினார்கள். அதுவரை இரண்டு பேரும் விமானத்தில் ஏறியதில்லை. "சக்கரத்துல காத்து இருக்கான்னு கேட்டியா, ஹெர்மி?" என்றாராம் பெலார்மினோ. அவள் நிஜமாகவே கேட்டுவிட்டாள் என்று யாஸ்னா பிறகு சொன்னாள்.

ரொக்சானா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பணத்துக்கு சொட்டாக்கியில் வீடு கிடைக்கவில்லை. இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். ஹெர்மிந்தாவுக்கு அங்கேயும் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இடம் கிடைத்தது. பெலார்மினோ காலையில் வெயில் வந்ததும் சதுக்கம் வரை நடந்துபோய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் கேலி செய்துகொண்டிருப்பார். ஐந்து குளிர்காலம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. ஐந்தாவது வருடம் செப்டம்பரில் மாரடைப்பில் போனார், நெஞ்சுச் சளியில் இல்லை. மத்தியான வேளை, சாப்பிட்டு முடித்த தட்டு இன்னும் மேஜையில் இருந்ததாம்.

அவர் எதற்குப் பயந்தாரோ அதுவும் நடந்தது. இரண்டு வருடம் கழித்து வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னார். ஹெர்மிந்தா சாமான்களைக் கட்டிக்கொண்டு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள். இந்த வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வாடகை ஏற்றப் போகிறாளோ என்று கவலைப்படுவாள். முன்பு போலத்தான், குறைந்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் மாரிசெல் அந்த வீட்டை விற்றாள். பின்னால் இரண்டு அறை கட்டி, சுற்றுச்சுவரும் எழுப்பியிருந்தாள். என்ன விலைக்குப் போனது என்று ஹெர்மிந்தாவே கேட்டாள். மழுப்பப் பார்த்தேன், விடவில்லை. சொன்னேன். அந்தத் தொகையை அவள் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

"அஞ்சு குளிர், நெல்டா" என்றாள். "அஞ்சு."

அப்புறம் இங்கே இப்போது ஒரு கிலோ மாவு என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். அங்கே அதைவிடக் குறைவுதானாம்.